ஒரே தட்டில் இரண்டு பேண்ட்: ஸ்ப்ளிட்டா, பாட்டு மாற்றா, கூட்டு ஆல்பமா?

"எங்களிடம் நாலு பாட்டு இருக்கிறது. நண்பர்களின் பேண்டிடம் நாலு இருக்கிறது. தனித்தனியாக இசைத்தட்டு போட ரெண்டு பேரிடமும் காசில்லை. சேர்ந்து போட்டுவிடலாமா?"

ராக் பேண்ட் வைத்திருப்பவர்கள் என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். எல்லாரும் காசில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது: சேர்ந்து என்றால் எப்படிச் சேர்ந்து?

ஒரே தட்டில் இரண்டு பேண்ட் வர மூன்று வழி இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்வது ஒன்று. ஸ்ப்ளிட் என்று சொன்னால் பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். இவர்கள் பாட்டை அவர்களும் அவர்கள் பாட்டை இவர்களும் வாசிப்பது இன்னொன்று. மூன்றாவது, இரண்டு பேண்டும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பேண்ட் மாதிரி வாசிப்பது. இந்த மூன்றையும், யாரோடும் சேராமல் தனியாக ஒரு ஈ.பி. (நாலைந்து பாட்டுள்ள சின்ன வெளியீடு) போடுவதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

கேசட் காலத்தைப் பார்த்தவர்களுக்கு ஸ்ப்ளிட்டை விளக்கவே வேண்டாம். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம். ஏ பக்கத்துக்காக வாங்கிய கேசட்டாக இருக்கும். பாட்டு முடிந்ததும் ரீவைண்ட் செய்யச் சோம்பல்பட்டு அப்படியே திருப்பிப் போட்டுப் போட்டு, தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத படத்தின் ஐந்து பாட்டும் மனப்பாடம் ஆகியிருக்கும். ஸ்ப்ளிட் தட்டின் வியாபாரம் முழுக்க இந்தச் சோம்பலை நம்பித்தான் நடக்கிறது. ஒரு வித்தியாசம், அங்கே ஜோடி சேர்த்தது கேசட் கம்பெனி. இங்கே பேண்டுகள் தாங்களே ஜோடி சேர்கின்றன. ஜோடி பொருந்தவில்லை என்றால் திட்டுவதற்கு வேறு ஆள் கிடையாது.

## எதை வைத்து அளப்பது

காசு. வினைல் தட்டில், 100 அடித்தாலும் 1000 அடித்தாலும் மாறாத செலவு ஒரு பங்கு உண்டு. பாட்டை மாஸ்டர் தட்டில் வெட்டுவது, அதிலிருந்து உலோக அச்சு எடுப்பது, டெஸ்ட் பிரஸ்ஸிங் (கேட்டுச் சரிபார்க்க முதலில் அடிக்கும் சில தட்டுகள்) அனுப்புவது எல்லாம் அதில் வரும். யார் பாட்டாக இருந்தாலும் இரண்டு பக்கத்தையும் வெட்டித்தான் ஆக வேண்டும். அதனால் ஸ்ப்ளிட் போட்டால் தட்டின் செலவு குறையாது. பில்லைப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். 300 தட்டு அடித்தால் விற்பதற்கு உங்கள் கைக்கு வருவதும் 150 தான்.

நிமிடக் கணக்கு. ஏழு அங்குலத் தட்டை நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் அடித்தால் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிடம் நன்றாக நிற்கும். பன்னிரண்டு அங்குலம், 33 வேகம் என்றால் 18 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியின் அளவையும் குறைக்க வேண்டிவரும். பன்னிரண்டு நிமிடப் பாட்டு வாசிக்கிற பேண்டும் ஒன்றரை நிமிடப் பாட்டு வாசிக்கிற பேண்டும் ஏழு அங்குலத் தட்டில் சேர முடியாது. பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஒப்பீடு. கேட்பவர் இரண்டு பேண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வேண்டாம் என்று தடுக்க முடியாது.

உரிமை. அந்த ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், மறுபடி அடிக்க யாரைக் கேட்க வேண்டும்.

பிற்பாடு. ஐந்து வருடம் கழித்து, ஒரு பேண்ட் கலைந்தபிறகு, அந்தப் பாட்டு எங்கே இருக்கும். யாருமே கேட்காத கேள்வி இதுதான். என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

## ஆளுக்கொரு பக்கம்

1982. வாஷிங்டன் நகரின் டிஸ்கார்ட் லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டை வெளியிட்டது. ஒரு பக்கம் 'ஃபெய்த்', மறுபக்கம் 'வாய்ட்'. இரண்டுமே ஹார்ட்கோர் பங்க் என்கிற வேகமும் ஆவேசமுமான ராக் வாசிக்கும் பேண்டுகள், இரண்டுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பாட்டு. ஃபெய்த்தின் பாடகர் அலெக் மக்காய், அந்த லேபிளை நடத்திய இயன் மக்காயின் தம்பி. அதாவது வீட்டுப் பிள்ளை. வாய்ட், பக்கத்து மாநிலமான மேரிலாண்டிலிருந்து வந்த பையன்கள். எந்த நேரமும் பாட்டு கையை விட்டுப் போய்விடும் என்கிற மாதிரி வாசிப்பார்கள்.

ஃபெய்த்தின் பக்கம் ஒழுங்கானது, இறுக்கமானது, குறை சொல்ல முடியாதது. ஆனால் இத்தனை வருடம் கழித்து அந்தத் தட்டைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் பேசுவது வாய்டைத்தான். கிட்டாரின் அலறல் அடங்குவதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிடும் அந்தப் பக்கம், பின்னால் வந்த எத்தனையோ பேருக்குப் பாடமாகிவிட்டது. ஒரு ஸ்ப்ளிட் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தனித்தட்டாக வந்திருந்தால் ஃபெய்த்தின் பாட்டுகளை யாரும் எதோடும் ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். பின்பக்கத்தில் வாய்ட் இருந்ததால் "அந்த இன்னொரு பேண்ட்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மறுபுறம் வாய்டுக்கு நடந்ததையும் பாருங்கள். அவர்கள் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தும் அது அப்போது வெளிவரவில்லை. ரொம்ப நாள் உலகத்துக்குத் தெரிந்த வாய்ட் என்பது பெரும்பாலும் அந்த ஒரு பக்கம்தான். 2011ல் டிஸ்கார்ட் அவர்களுடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தொகுத்துப் போட்டது வரைக்கும் இந்த நிலைமை. முழு ஆல்பத்துக்குச் சரக்கோ வசதியோ இல்லாத, ஆனால் பதினைந்து நிமிடம் தீயாக வாசிக்கிற பேண்டுக்கு ஸ்ப்ளிட்டைப் போல ஒரு வீடு கிடைக்காது.

இன்னொரு உதாரணம் 1993 பிப்ரவரியில் சிகாகோவின் டச் அண்ட் கோ லேபிளில் வந்த ஏழு அங்குலத் தட்டு. ஒரு பக்கம் ஜீசஸ் லிசர்ட், மறுபக்கம் நிர்வாணா. உலகமே அறிந்த பேண்ட் நிர்வாணா. ஜீசஸ் லிசர்டைத் தெரிந்தவர்கள் குறைவு, ஆனால் தெரிந்தவர்கள் மேடையில் அவர்களைப் பார்த்துவிட்டு வேறு எதையும் பேசாத வகை. தட்டு பிரிட்டனின் சிங்கிள்ஸ் பட்டியலில் 12ஆம் இடம் வரை போனது. ஜீசஸ் லிசர்ட் மாதிரி கரடுமுரடான பேண்ட் தனியாகப் போயிருந்தால் அந்தப் பட்டியலின் வாசலைக்கூட மிதித்திருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, யார் என்ன பாட்டைக் கொடுத்தார்கள் என்பது. ஜீசஸ் லிசர்ட் கொடுத்தது முந்தைய வருடம் தங்கள் ஆல்பத்தில் வந்துவிட்ட பாட்டு. நிர்வாணா கொடுத்தது வேறெங்கும் வராத பாட்டு. அந்தப் பாட்டு 2004ல் ஒரு பெட்டித் தொகுப்பில் சேர்ந்தது, அதுவரை அதைத் தேடியவர்கள் இந்தச் சின்னத் தட்டைத்தான் தேட வேண்டியிருந்தது. பெரிய பேண்டுக்கு இது விளையாட்டு. சின்ன பேண்ட் தன் ஒரே நல்ல பாட்டை ஸ்ப்ளிட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டால், 150 தட்டு விற்றுத் தீர்ந்தபிறகு அந்தப் பாட்டு அனாதை. அதனால் சின்ன பேண்டுகள் ஜீசஸ் லிசர்ட் செய்ததைத்தான் செய்ய வேண்டும் என்பேன். பலமான பாட்டைக் கொடுங்கள், ஆனால் அதற்கு இன்னொரு வீடும் இருக்கட்டும்.

மறைந்திருக்கிற செலவுகளில் முதலாவது ஒலி அளவு. எனக்குத் தெரிந்த இரண்டு பேண்டுகள் ஸ்ப்ளிட் போட்டார்கள். ஒருவர் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள், மற்றவர் பிராக்டிஸ் அறையில் இரண்டே மைக் வைத்து. மாஸ்டரிங்கையும் (தட்டுக்குப் போகுமுன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை) அவரவர் ஆளிடம் தனித்தனியாகச் செய்துகொண்டார்கள். டெஸ்ட் பிரஸ்ஸிங் வந்தது. முதல் பக்கம் முடிந்து தட்டைத் திருப்பினால் ஆம்ப்ளிபையரின் குமிழை எழுந்துபோய் அரைச் சுற்று திருக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. மறுபடி மாஸ்டரிங், மறுபடி வெட்டு, மறுபடி காசு. இரண்டு பக்கத்தையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில் கொடுத்திருந்தால் போதும்.

இரண்டாவது, பேண்ட் கலைவது. பாதித் தட்டு உங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில், மீதி அவர்களில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில். மறுபதிப்புக்கு ஒரு லேபிள் கேட்கும்போது அந்த யாரோ வெளிநாட்டில் வேலைக்குப் போயிருப்பார், போன் நம்பரும் மாறியிருக்கும்.

மூன்றாவது கொஞ்சம் அற்பமானது, ஆனால் சண்டை வருவது இதில்தான்: யார் பெயர் முதலில்? கடையில் தட்டை அடுக்குபவர் அகரவரிசையில் ஏதாவது ஒரு பெயரின் கீழ்தான் வைப்பார். சில பேண்டுகள் அட்டையின் இரண்டு புறத்தையும் முன்புறமாகவே வடிவமைத்து, ஏ, பி என்று எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அட்டையின் முதுகுப் பட்டையில் ஒரே வரிதான், அதில் யாராவது ஒருவர் முதலில் வந்துதான் ஆக வேண்டும். காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்யுங்கள், கூட்டம் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தட்டோ கேசட்டோ அடிக்காமல் இணையத்தில் மட்டும் வெளியிடப் போகிறீர்கள் என்றால், இந்த வகை ஸ்ப்ளிட் வேண்டாம். ஸ்ட்ரீமிங்கில் திருப்புவதற்குப் பக்கம் கிடையாது, அதனால் அந்தச் சோம்பலும் கிடையாது. உங்களைத் தேடி வந்தவர் உங்கள் நாலு பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பதிவேற்றும்போது இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு ஒரே பெயராக எழுதிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மூன்றாவதாக ஒரு பேண்ட் பிறந்து, இரண்டு பேரின் பக்கத்திலும் அந்த வெளியீடு தென்படாமல் போகும். ஆல்பத்துக்கு இரண்டு பேண்டையும் தனித்தனி முதன்மைக் கலைஞர்களாகக் கொடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அதை வாசித்தவர்களை மட்டும் கொடுங்கள்.

## பாட்டு மாற்று

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், பாரபட்சத்தை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

1988 டிசம்பரில் சியாட்டிலின் சப் பாப் லேபிள், மட்ஹனியும் சோனிக் யூத்தும் சேர்ந்த ஏழு அங்குலத் தட்டை வெளியிட்டது. மட்ஹனி அப்போதுதான் பிறந்த பேண்ட், முதல் சிங்கிள் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. சோனிக் யூத் நியூயார்க்கில் ஏற்கெனவே பெரிய பெயர். சோனிக் யூத், மட்ஹனியின் அந்த முதல் சிங்கிள் பாட்டையே எடுத்து, கிம் கார்டன் குரலில் பாடியது. மட்ஹனி, சோனிக் யூத்தின் 1985ஆம் வருடத்துப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டது. புதுப் பையன்களின் முதல் பாட்டை மூத்தவர்கள் எடுத்துப் பாடுவதைவிடப் பெரிய சிபாரிசு என்ன இருக்கிறது?

முதல் வகை ஸ்ப்ளிட்டில் கேட்பவர் "யார் நன்றாக வாசிக்கிறார்கள்" என்று பார்ப்பார். இங்கே "இந்தப் பாட்டை இவர்கள் என்ன செய்திருக்கிறார்கள்" என்று பார்ப்பார். ஒப்பீடு அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் கூர் மழுங்கிவிடுகிறது. உங்கள் பாட்டு தட்டின் அடுத்த பக்கத்திலும் இருக்கிறது அல்லவா? யார் ஜெயித்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

பாணி எவ்வளவு தூரமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக இது வேலை செய்கிறது. 2012 ரெக்கார்ட் ஸ்டோர் டே (தட்டுக் கடைகளுக்கான வருடாந்திரக் கொண்டாட்ட நாள்) அன்று மாஸ்டடானும் ஃபைஸ்டும் இப்படி ஒரு தட்டு போட்டார்கள். மாஸ்டடான் அட்லாண்டாவின் ஹெவி மெட்டல் பேண்ட், ஃபைஸ்ட் மெல்லிய குரலுடைய கனடியப் பாடகி. அதற்கு முந்தைய வருடம் பிரிட்டனில் ஜூல்ஸ் ஹாலண்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சந்தித்ததில் வந்த யோசனை. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2002ல், நோஃபெக்ஸும் ரான்சிடும் பி.ஒய்.ஓ. லேபிளின் ஸ்ப்ளிட் வரிசையில் ஆளுக்கு ஆறு பாட்டை மாற்றிக்கொண்டார்கள். இரண்டுமே கலிபோர்னிய பங்க் பேண்டுகள். கேட்க ஜாலியான ஆல்பம்தான், ஆனால் பன்னிரண்டு பாட்டு ஓடிமுடிவதற்குள் அந்த வேடிக்கை கொஞ்சம் தீர்ந்துவிடுகிறது. மாற்றுவதாக இருந்தால் ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்பது என் கணக்கு.

இதன் மறைமுகச் செலவு அனுமதி. நண்பன் பாட்டுதானே, என்ன கேட்பது என்று விட்டுவிடக் கூடாது. இந்தியாவில் இருந்து வெளியிடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் சட்டம் தெரிந்துகொள்ள வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, பாட்டின் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமலே கவர் (அடுத்தவர் பாட்டை நாம் வாசித்துப் பதிவு செய்வது) போட ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் பாட்டு முதலில் பதிவாகிய வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியும் கட்ட வேண்டும். 300 தட்டு அடிக்கிற ஆளுக்கு அந்த வழி திறந்திருந்தும் ஒன்றுதான், மூடியிருந்தும் ஒன்றுதான். நேரடியாகப் பாட்டு எழுதியவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பேண்டில் பாட்டு எழுதியது யார் என்பதே தகராறாக இருந்தால், அது தீரும் வரை ஸ்டுடியோவை புக் செய்யாதீர்கள்.

## கூட்டு ஆல்பம்

பாட்டு மாற்றுக்கும் கூட்டுக்கும் நடுவே நிற்கிற தட்டு ஒன்று உண்டு. 1981ல் மோட்டார்ஹெட்டும் கேர்ல்ஸ்கூலும் சேர்ந்து போட்ட ஈ.பி. அது. மூன்று பாட்டு. மோட்டார்ஹெட் ஒரு கேர்ல்ஸ்கூல் பாட்டை வாசித்தது, கேர்ல்ஸ்கூல் ஒரு மோட்டார்ஹெட் பாட்டை வாசித்தது. மூன்றாவதாக ஒரு பழைய ராக் அண்ட் ரோல் பாட்டை எல்லாரும் சேர்ந்து வாசித்தார்கள். அந்தச் சமயம் மோட்டார்ஹெட்டின் டிரம்மர் ஃபில் டெய்லர் கழுத்தெலும்பு அடிபட்டுக் கிடந்தார். கேர்ல்ஸ்கூலின் டெனிஸ் டூஃபோர்ட் டிரம்ஸில் உட்கார்ந்தார். 'ஹெட்கேர்ல்' என்று பெயரையும் ஒட்டுப்போட்டார்கள். பிரிட்டனில் 5ஆம் இடம் வரை போனது. இரண்டு பேண்டும் ப்ரான்ஸ் (Bronze) என்ற ஒரே லேபிளில் இருந்ததால் அனுமதிக்காக யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. நீங்களும் அடுத்த பேண்டும் ஒரே இடத்தில் பிராக்டிஸ் செய்கிறீர்கள் என்றால் இந்த மாதிரி மூன்று பாட்டுத் தட்டை யோசித்துப் பாருங்கள்.

முழுக் கூட்டு ஆல்பம் வேறு கதை. எது நன்றாக அமைகிறது என்று பார்த்தால், ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கும்போதுதான். நெதர்லாந்தின் கான்கரன்ட் நிறுவனம், அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வரும் பேண்டுகளுக்கு இரண்டு நாள் ஸ்டுடியோ கொடுத்து ஒரு வரிசை வெளியிட்டது. அதில் 2001ல் வந்தது லோவும் டர்ட்டி த்ரீயும் சேர்ந்த ஆறு பாட்டுத் தட்டு. லோ, மினசோட்டாவின் டுலூத் ஊர்க்காரர்கள். கணவன் மனைவி இருவரின் குரல்தான் அந்த பேண்டின் உயிராக இருந்தது. டர்ட்டி த்ரீ, மெல்போர்னைச் சேர்ந்த மூவர்: வயலின், கிட்டார், டிரம்ஸ், பாடகரே கிடையாது. பாடத் தெரிந்தவர்களும் பாடாதவர்களும் சேர்ந்தால் எங்கே யார் ஒதுங்க வேண்டும் என்பது பேசாமலே தெரிந்துவிடும்.

2006ல் சன், போரிஸ் என்ற இரண்டு பேண்டுகள் சேர்ந்து போட்ட ஆல்பமும் அப்படித்தான். சன் என்பது ஆம்ப்ளிபையர் பிராண்டின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்ட அமெரிக்க பேண்ட். அடிப்படையில் இரண்டு கிட்டார், டிரம்மர் இல்லை. போரிஸ், டோக்கியோவின் மூவர் பேண்ட், அவர்களிடம் அட்சுவோ என்ற அசுர டிரம்மர். ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதை வெளியிட்ட சதர்ன் லார்ட் லேபிளே சன் பேண்டின் கிரெக் ஆண்டர்சன் நடத்துவதுதான். கேட்டுக் கேட்டுக் கையெழுத்து வாங்கும் வேலை அவர்களுக்கு மிச்சம். உங்களுக்கு அப்படி இருக்காது.

இரண்டு பேரும் ஒரே மாதிரி வாசிப்பவர்கள் என்றால் கூட்டு ஆல்பம் வேண்டாம். இரண்டு டிரம்மர், நாலு கிட்டார், எல்லாரும் ஒரே இடத்தை நிரப்பப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் இரண்டு சமையல்காரரை ஒரே அடுப்பில் நிறுத்தின மாதிரி ஆகிவிடும். மிக்ஸிங்கில் "என் கிட்டாரைக் கொஞ்சம் ஏற்று" என்ற பேச்சு முடிவதில்லை.

செலவிலும் இதுதான் அதிகம். தட்டுக்கு இல்லை, நேரத்துக்கு. ஏழு பேருக்கு ஒத்துவருகிற ஞாயிற்றுக்கிழமை மாதத்தில் ஒன்று கிடைத்தால் பெரிது. இரண்டு நாளில் முடித்தவர்கள் எல்லாம் வருடக்கணக்கில் மேடையில் ஊறியவர்கள்.

சட்டமும் இங்கே மாறிவிடுகிறது. ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாத படைப்பைத்தான் இந்தியச் சட்டம் கூட்டுப் படைப்பு என்கிறது. ஸ்ப்ளிட்டில் கோடு தெளிவு, இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் என்னுடையது. கூட்டில் ஒவ்வொரு பாட்டும் எல்லாருடையதும். நாளைக்கு ஒரு படத்துக்கோ விளம்பரத்துக்கோ அந்தப் பாட்டைக் கேட்டால் எல்லாரும் தலையாட்ட வேண்டும். போதாக்குறைக்கு, ஒலிப்பதிவின் முதல் உரிமையைச் சட்டம் தயாரிப்பாளருக்குக் கொடுக்கிறது. அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவருக்கு. இரண்டு பேண்டும் ஆளுக்குப் பாதி போட்டிருந்தால் அது யார்? முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் தெரியும்.

ஒரு கிறுக்கு வழியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. அதே போரிஸ், இரைச்சல் இசைக் கலைஞர் மெர்ஸ்போவோடு 2016ல் ஓர் ஆல்பம் போட்டது. ஒரு தொகுதியில் போரிஸ் தங்கள் பாட்டுகளை டிரம்ஸ் இல்லாமல் வாசித்தார்கள், மற்றதில் மெர்ஸ்போவின் இரைச்சல். தனித்தனியாகவும் கேட்கலாம், இரண்டு பிளேயரில் ஒரே நேரத்தில் ஓடவிட்டும் கேட்கலாம். உரிமையில் ஸ்ப்ளிட், காதுக்குக் கூட்டு. இரண்டு ஊர்களில் இருந்துகொண்டு ஒன்றாக உட்கார முடியாதவர்கள் இந்தத் தந்திரத்தை திருடிக்கொள்ளலாம். கேட்பவருக்கு இரண்டு பிளேயர் வேண்டும் என்பதுதான் சின்னத் தொல்லை.

## தனி ஈ.பி.

இதற்கு நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. முழுக் காசும் உங்களுடையது, முழு உரிமையும் உங்களுடையது, யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இன்னொரு பேண்டின் ரசிகர் தற்செயலாக உங்களைக் கேட்கும் வாய்ப்பு மட்டும் கிடையாது. உங்கள் ஊரில் உங்களைக் கேட்க ஏற்கெனவே 200 பேர் வருகிறார்கள், நாலு பாட்டும் பலமாக இருக்கிறது என்றால் ஸ்ப்ளிட்டை மறந்துவிட்டு இதைச் செய்யுங்கள். காசு போதவில்லையா, தட்டுக்குப் பதில் கேசட்டாகப் போடுங்கள்.

## ஒரு பார்வையில்

| | ஆளுக்கொரு பக்கம் | பாட்டு மாற்று | கூட்டு ஆல்பம் | தனி ஈ.பி. |
|---|---|---|---|---|
| கைக்காசு | பாதி | பாதி | பாதி, ஆனால் ஸ்டுடியோ நேரம் ஏறும் | முழுதும் |
| புதிதாக எழுத வேண்டியது | சொந்தப் பாட்டு இருந்தால் போதும் | எதுவும் இல்லை, பழகினால் போதும் | அனேகமாக எல்லாம் | சொந்தப் பாட்டு |
| ஒப்பீட்டுச் சூடு | கடுமை | மிதம் | கிட்டத்தட்ட இல்லை | இல்லை |
| காகித வேலை | கொஞ்சம் | கவர் அனுமதி கட்டாயம் | நிறைய | இல்லை |
| இணையத்தில் மட்டும் என்றால் | வேண்டாம் | நன்று | நன்று | நன்று |
| ஒரு பேண்ட் கலைந்தால் | உங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு போகலாம் | எழுதி வாங்கியிருந்தால் சிக்கலில்லை | மாட்டிக்கொள்வீர்கள் | பாதிப்பில்லை |

## அந்த நாலும் நாலும்

ஆரம்பத்தில் கேட்டவருக்கு வருகிறேன். நாலு பாட்டு உங்களிடம், நாலு பாட்டு அவர்களிடம். கணக்குப் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் என்று தட்டு தானாகவே அமைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் அதைச் செய்ய மாட்டேன். ஆளுக்கு ஒரு பாட்டை மாற்றிக்கொண்டு ஏழு அங்குலத் தட்டு ஒன்று போடுவேன். சொந்தப் பாட்டு நாலும் பிற்பாடு வரப்போகிற ஈ.பி.க்குப் பத்திரமாக இருக்கும். ஸ்டுடியோவில் ஒரு நாள் வேலை, ஆளுக்குப் பாதிச் செலவு. இரண்டு பேண்டும் சேர்ந்து நாலு ஊரில் வாசித்தால் தட்டு விற்றுவிடும்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் நாலு பாட்டும் பதினைந்து நிமிடத்துக்குள் மூச்சுவிடாமல் ஓடுகிறவை, அவற்றைத் தாண்டி எழுத உங்களிடம் எதுவும் இல்லை, பேண்டும் அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாது என்றால், பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்டுக்கு அதுதான் நடந்தது. எதிர்ப்பக்கத்துக்கு உங்களைவிட நல்ல பேண்டைத் தேடுங்கள். சுமாரான பேண்டோடு சேர்ந்து பெரிய ஆளாகத் தெரியலாம் என்று நினைத்தால் அந்தத் தட்டை யாரும் வாங்கவே மாட்டார்கள்.

என்னிடம் இருக்கிற ஒரு ஸ்ப்ளிட் ஏழு அங்குலத் தட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். ஊசி வைத்தாலே வறுகடலை பொரிகிற சத்தம். மறுபக்கம் இன்னும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. பழைய தட்டுக் கடையில் வாங்கியது, யார் கேட்டுத் தேய்த்தார்களோ தெரியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே ஒரு தாளில் ஐந்து வரி எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். மாஸ்டர் கோப்புகள் இரண்டு பேரிடமும் இருக்கும். எந்தப் பாட்டின் ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம். தட்டை எத்தனைக்கு எத்தனையாகப் பிரிப்பது, கூரியர் செலவு யாருடையது. மறுபதிப்புக்கு யார் சம்மதம் வேண்டும், எத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது. ஸ்ட்ரீமிங்கில் யார் கணக்கிலிருந்து ஏற்றுவது, வருகிற காசை எப்போது கணக்குப் பார்ப்பது. டீக்கடையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். பிராக்டிஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால் எழுதுங்கள், டெஸ்ட் பிரஸ்ஸிங் வந்தபிறகு வேண்டாம்.